மருந்தை மாற்றுவதும் ஓர் அமானிதமே

நோயைத் தருபவனும் அல்லாஹ். அதற்கான நிவாரணத்தை மண்ணிலும் மரத்திலும் மனிதனின் அறிவிலும் வைத்திருப்பவனும் அவனே. இதில் முஸ்லிம்களாகிய நமக்குள் இரு கருத்து இல்லை. ஆயினும், காய்ச்சலுக்கும் சர்க்கரை நோய்க்கும் 'பிஸ்மி' சொல்லித் தயக்கமின்றி மாத்திரை விழுங்கும் நாம், உள்ளத்தைப் பற்றிய நோய் என்று வந்துவிட்டால் மட்டும் தடுமாறிப் போகிறோம். ஈமான் உள்ளவருக்கு மனச்சோர்வு வரலாமா? வந்தால், மாத்திரையின் துணையால் அமைதி தேடுவது முறைதானா? அதைவிட, இறைவன் முளைக்க வைத்த மூலிகைக்கு மாறிக்கொள்வது தவக்குலுக்கு நெருக்கமானதல்லவா? இன்று பல இல்லங்களில் மெல்லிய குரலில் எழும் கேள்விகள் இவை. உரக்கக் கேட்கப்படாததாலேயே இவற்றிற்குச் சரியான விடையும் கிடைப்பதில்லை.

தாம்பரம் வட்டாரத்தில் வாழ்வோருக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளருக்காகத் தோற்றுவித்து, 1937-ல் அரசு ஏற்றுக்கொண்ட பெரிய மருத்துவமனை தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிறது. அதே சானடோரியத்தில்தான் 2005-ல் திறந்து வைக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், அதனோடு இணைந்த அயோத்திதாசப் பண்டிதர் மருத்துவமனையும் அமைந்துள்ளன. ஆங்கில மருத்துவமும் நம் நாட்டு மருத்துவமும் ஒரே ரயில் நிலையத்தின் பெயரைப் பகிர்ந்துகொண்டு வாழும் ஊர் இது. பல்லாவரத்திலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் பெருங்களத்தூரிலிருந்தும் வரும் ஒருவர், ஒரே வாரத்தில் இரண்டு மருத்துவர்களையும் பார்த்துவிட்டுப் போக முடியும். இது நமக்குக் கிடைத்த வசதி; நிஃமத்து என்றே சொல்ல வேண்டும். ஆனால், பையில் இரண்டு மருந்துச் சீட்டுகளை வைத்துக்கொண்டு, வாயில் ஒன்றை மட்டுமே சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

துக்கம் ஈமானின் குறையா?

முதலில் இதைத் தீர்த்துக்கொள்வோம். யஃகூப் நபி (அலை) அவர்கள், அருமை மகன் யூசுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரத்தால் கண்கள் வெளுத்துப் போன வரலாற்றைத் திருமறையின் யூசுஃப் அத்தியாயம் கூறுகிறது. அதனால் அவர்களுடைய நபித்துவத்துக்குக் குறைவு வந்துவிடவில்லை. அன்னை கதீஜா (ரலி) அவர்களும் பெரிய தந்தை அபூதாலிப் அவர்களும் அடுத்தடுத்து மறைந்த ஆண்டு, நம் வரலாற்றில் 'துக்க ஆண்டு' என்றே பெயர் பெற்றுவிட்டது. கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் இறைவனிடம் பாதுகாப்புத் தேடுவது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டு வந்த துஆக்களில் ஒன்றாக இருந்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அண்ணலாரே பாதுகாப்புத் தேடிய ஒன்று நம்மை வந்து தாக்கினால், அதை ஈமானின் பற்றாக்குறை என்று ஏசுவதற்கு நாம் யார்?

நம் முன்னோர் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். கி.பி. 934-ல் மறைந்த பேரறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதியவர். காரணம் தெரிந்த துக்கம் ஒன்று, காரணம் தெரியாமலே மனிதனைக் கவ்விக்கொள்ளும் துக்கம் மற்றொன்று என அவர் பிரித்துக் காட்டினார். பின்னதன் வேர் உடலில் இருக்கிறது. ஆகவே அதற்கு உடல் வழியான மருத்துவமும் வேண்டும் என்பது அவர் முடிவு. கெய்ரோ நகரில் 1284-ல் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளருக்கெனத் தனிப் பகுதியே இருந்தது. வக்ஃபுச் சொத்தின் வருவாயில் அவர்களுக்கு மருந்தும் உணவும் கொடுக்கப்பட்டன. உள்ளத்தின் நோய்க்கு மருந்து உண்பது மேல்நாட்டார் நமக்குக் கற்றுக்கொடுத்த புதுப் பழக்கம் என்று எண்ணுவோர் இந்த வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும்.

மூலிகை மட்டுமா இறைவனின் படைப்பு?

இனி அடுத்த கேள்வி. மாத்திரை மனிதன் செய்தது. மூலிகை ஆண்டவன் செய்தது. ஆகவே மூலிகையே மார்க்கத்துக்கு நெருக்கமானது என்கிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. கருஞ்சீரகத்தின் சிறப்பும், தேனின் சிறப்பும், துக்கத்தில் இருப்போருக்கு நெஞ்சாறுதல் தரும் 'தல்பீனா' என்னும் வாற்கோதுமைக் கஞ்சியின் சிறப்பும் நபிமொழிகளில் வந்திருப்பதை நாம் அறிவோம். அவற்றை நம்பி உண்பது நமக்கு நன்மையே. ஆனால், அந்த நபிமொழிகளில் எங்கேயும், வேறு மருந்தைத் தூக்கி எறியுங்கள் என்ற கட்டளை இல்லை. அதற்கு மாறாக, கிராமப்புறத்து அரபிகள் வந்து 'நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா?' என்று கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், முதுமை ஒன்றைத் தவிர எல்லா நோய்க்கும் நிவாரணம் இருக்கிறது என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்ததை அபூதாவூதும் திர்மிதியும் பதிவு செய்துள்ளனர்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், தவக்குலைப் பற்றி 'இஹ்யா'வில் விளக்கும்போது, துன்பத்தை நீக்கும் காரணங்களை மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள். தாகத்துக்குத் தண்ணீர் போல உறுதியானவை. மருத்துவம் போலப் பெரும்பாலும் பலன் தருபவை. வெறும் ஊகத்தைச் சார்ந்தவை. முதலாவதைக் கைவிடுவது தவக்குலே அல்ல. இரண்டாவதைக் கையாள்வது தவக்குலுக்கு மாறானதும் அல்ல. கவனியுங்கள்: இமாமவர்களின் தராசில் 'இலை, வேர்' என்று ஒரு தட்டும், 'மாத்திரை, ஊசி' என்று மறு தட்டும் இல்லை. பலன் எந்த அளவுக்கு அறியப்பட்டது என்பதே அங்கு எடைக்கல். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, 'இது எங்கிருந்து வந்தது?' என்பதன்று, 'இந்த நோய்க்கு, இந்த ஆளுக்கு, இது பலன் தரும் என்பதற்கு என்ன சான்று?' என்பதே.

மேலும், மாத்திரைக்கும் மூலிகைக்கும் நடுவே நாம் எழுப்பும் சுவர் அவ்வளவு உயரமானதும் அல்ல. 1952-ல் நியூயார்க்கின் ஸீ வியூ காசநோய் மருத்துவமனையில் இப்ரோனியாசிட் என்ற காசநோய் மருந்தைக் கொடுத்தபோது, படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் வியக்கத்தக்க உற்சாகம் பெற்றார்கள். அதிலிருந்துதான் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுக்கும் முறையே பிறந்தது. நுரையீரலுக்குத் தேடிய மருந்தில் உள்ளத்துக்கான கதவைத் திறந்து வைத்தவன் யார்? பின்னர் அம்மருந்து ஈரலைக் கெடுக்கிறது என்று தெரியவே, மருத்துவர்கள் அதைக் கைவிட்டு வேறு மருந்துகளைத் தேடினார்கள். சான்றின் முன்னால் பணிவது என்பது இதுதான்.

மறுபக்கத்தையும் பாருங்கள். சர்ப்பகந்தி என்ற வேர், இரத்தக் கொதிப்புக்கும் சித்தப் பிரமைக்கும் நம் நாட்டு வைத்தியர்களும் ஹகீம்களும் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வந்த மூலிகை. டெல்லி திப்பியா கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் 1931-ல் அவ்வேரிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்த விஞ்ஞானி சலீமுஸ்ஸமான் சித்தீகி, ஹகீம் அஜ்மல்கான் அவர்களின் நினைவாக அதற்கு 'அஜ்மலின்' என்று பெயரிட்டார். அதே வேரிலிருந்து 1952-ல் சுவிட்சர்லாந்தில் பிரிக்கப்பட்ட ரெசர்பின் உலகெங்கும் இரத்தக் கொதிப்பு மருந்தாயிற்று. ஆனால், அதை உண்டவர்களில் சிலருக்குக் கடும் மனச்சோர்வு கண்டதாக 1950-களில் மருத்துவர்கள் எழுதினார்கள். அது எந்த அளவுக்கு உண்மை என்பதில் பிற்கால ஆய்வாளரிடையே கருத்து மாறுபாடு உண்டு. ஆனாலும் எச்சரிக்கை இன்றுவரை நீடிக்கிறது. மண்ணில் முளைத்தது என்பதால் மட்டும் ஒன்று மென்மையாகிவிடாது. எட்டியும் ஊமத்தையும் மண்ணில்தானே முளைக்கின்றன? சித்த, யூனானி, ஆயுர்வேத மருந்துகளில் சேரும் நச்சுப் பொருள்களை, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உண்ண வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டமே பட்டியல் போட்டு வைத்திருக்கிறது.

ஹலால் ஹராம் பற்றிய ஐயத்தால் சிலர் மாற விரும்புகிறார்கள். சில கேப்சூல்களின் உறை மிருக ஜெலட்டினால் ஆனது என்பது உண்மைதான். அப்படியானால் அதே மருந்தை மாத்திரை வடிவில் கேட்டு வாங்கலாம். மருத்துவரிடம் சொன்னால் போதும். மூலிகை மருந்து என்றாலே ஐயத்துக்கு அப்பாற்பட்டது என்றும் சொல்ல முடியாது. அரிஷ்டங்கள் புளிக்க வைத்தே செய்யப்படுகின்றன. அவற்றில் தாமாக ஊறும் மதுசாரம் உண்டு. ஐயம் வந்தால் ஆலிம்களைக் கேட்டுத் தெளிவு பெறுவோம். அதுவரை மருந்தை நிறுத்திவிடுவது தெளிவாகாது.

ஒரு நேர்மையான வருத்தம்

மாத்திரையை விட விரும்புவோரில் எல்லோரும் அறியாமையால் அப்படி எண்ணுவதில்லை. 'முன்பெல்லாம் துஆவில் கையேந்தினால் கண்ணீர் வரும். இந்த மாத்திரையைத் தொடங்கிய பின் அழுகையே வருவதில்லை. நெஞ்சு மரத்துப் போனது போல இருக்கிறது. இந்த அமைதி அல்லாஹ் தந்ததா, மாத்திரை தந்ததா?' என்று கேட்கும் இபாதத்தாளிகள் இருக்கிறார்கள். இவர்களைக் கேலி செய்யக் கூடாது. மனச்சோர்வு மாத்திரைகள் சிலருக்கு உணர்ச்சிகளை மட்டுப்படுத்துகின்றன என்பது மருத்துவர்களும் ஒப்புக்கொண்ட உண்மை.

இதற்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று மார்க்க விடை: மேகம் வழியாக இறங்குவதால் மழை அல்லாஹ்வின் ரஹ்மத்தாக இல்லாமல் போய்விடுமா? மாத்திரை வழியாக வரும் அமைதியும் அப்படியே. தொழுகையின் கூலி கண்ணீரின் அளவைப் பொறுத்ததன்று. படுக்கையை விட்டே எழ முடியாமல் கிடந்தவர் இன்று பாங்கு சொன்னதும் எழுந்து ஒளூச் செய்கிறாரே, அது சிறிய அருளா? மற்றொன்று மருத்துவ விடை: உணர்ச்சி மரத்துப் போவதை மருத்துவரிடம் வாய்திறந்து சொன்னால், அவர் அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம். சொல்லாமல் நிறுத்துவதற்கும் சொல்லி மாற்றுவதற்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது.

இன்னொரு கேள்வியும் எழலாம். வலிப்பு நோயால் துன்புற்ற ஒரு பெண்மணி துஆச் செய்யுமாறு வேண்டியபோது, 'பொறுத்துக்கொண்டால் சுவனம் உண்டு. விரும்பினால் நலம்பெறத் துஆச் செய்கிறேன்' என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூற, அப்பெண்மணி பொறுமையைத் தேர்ந்துகொண்டார் அல்லவா? ஆம். ஆனால் அங்கே அந்தப் பெண்மணி தம் நிலையை மறைக்கவில்லை, வெளிப்படையாகக் கேட்டார், இரு வழிகளும் முன்வைக்கப்பட்டன, தெளிந்த சித்தத்தோடு தாமே தேர்ந்தார். மருத்துவம் எல்லா நேரத்திலும் கடமை என்று நம் ஃபிகஹ் அறிஞர்கள் கூறவில்லை என்பதும் உண்மையே. ஆயினும், விட்டுவிட்டால் உயிர் போகும் அல்லது உறுப்பு பாழாகும் என்னும் நிலையில் அது கடமையாகிவிடும் என்று, 1992-ல் ஜித்தாவில் கூடிய அனைத்துலக இஸ்லாமிய ஃபிகஹ் அகாடமி தீர்மானித்துள்ளது. கடும் மனச்சோர்வு, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ளத் தூண்டும் நோய். அந்த எல்லையைத் தொட்டவருக்கு மருந்து என்பது விருப்பமன்று. உயிர் காக்கும் கடமை.

திடீரென நிறுத்தினால் என்ன ஆகும்?

ஒரு வீட்டை மனத்தில் எண்ணிப் பார்ப்போம். பெண்ணுக்கு நிக்காஹ் நாள் குறித்தாயிற்று. ஓர் ஆண்டாக மனச்சோர்வு மாத்திரை உண்டு வந்தவள். இப்போது நன்றாக இருக்கிறாள். 'மாப்பிள்ளை வீட்டில் மாத்திரை அட்டையைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?' என்ற அச்சத்தில், நிக்காஹ்வுக்கு ஒரு வாரம் முன்பு மாத்திரையை நிறுத்திவிட்டு, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணத்தைப் பெட்டியில் வைத்து அனுப்புகிறார்கள். மூன்றாம் நான்காம் நாளிலேயே தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை, கெட்ட கனவு, மண்டைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்ச்சி, காரணமற்ற எரிச்சல். புது வீட்டில், புது மனிதர்கள் நடுவில், யாரிடமும் சொல்லவும் முடியாது. 'ஜின் பிடித்துவிட்டது' என்பார் ஒருவர். 'சூரணம் ஒத்துக்கொள்ளவில்லை' என்பார் இன்னொருவர். உண்மையில் நடந்தது என்ன?

மனச்சோர்வு மாத்திரையைத் தொடர்ந்து உண்ணும்போது மூளை அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. திடீரென அதைப் பிடுங்கினால் மூளை திணறுகிறது. அத்திணறலே மேலே சொன்ன குறிகள். பெரும்பாலும் சில நாள்களில் தொடங்கிச் சில வாரங்களில் அடங்கும். சிலருக்கு மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் போன்றவை உடலை விட்டு விரைவில் வெளியேறுவதால் தொல்லை அதிகம். ஃப்ளூவாக்ஸெட்டின் மெல்ல மெல்ல வாரக்கணக்கில் வெளியேறுவதால் தொல்லை குறைவு. இது நோய் திரும்புவதினின்று வேறானது. நோய் திரும்புவதானால் பெரும்பாலும் வாரங்கள் மாதங்கள் கழித்து, பழைய சோர்வும் பழைய இருளுமாகத் திரும்பும். இவ்விரண்டையும் பிரித்தறிவது மருத்துவரின் வேலை, மாமியாரின் வேலையன்று.

தாம்பரத்து மக்களுக்கு இதைப் புரியவைக்கக் காசநோயே போதும். இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்தியவருக்கு, மருந்துக்கு அடங்காத காசநோயாக அது திரும்பி வருவதை அந்த மருத்துவமனை நெடுங்காலமாகக் கண்டுவருகிறது. நலமாக உணர்வது ஒன்று, நலமாகிவிட்டது மற்றொன்று. மனச்சோர்விலும் முதல் முறை நோய் கண்டவர்கள், குணமான பிறகும் ஆறு மாதமாவது மருந்தைத் தொடர வேண்டும் என்பதே மருத்துவர்களின் பொது விதி. பலமுறை கண்டவர்களுக்கு இக்காலம் இன்னும் நீளும்.

மாறுவதானால் எப்படி மாறுவது?

மூலிகைக்கு மாறுவதே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஐரோப்பாவிலும் இமயமலைச் சாரலிலும் வளரும் 'செயிண்ட் ஜான்ஸ் வோர்ட்' என்ற மஞ்சள் பூச்செடியை அரபு மருத்துவ நூல்கள் 'ஹயூஃபாரீகூன்' என்ற பெயரால் அறிந்திருந்தன. 2008-ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 29 சோதனைகளில் பங்குகொண்ட 5,489 நோயாளரை வைத்து, இலேசான, நடுத்தரமான மனச்சோர்வில் அதன் சத்து மாத்திரைகளுக்கு இணையாகப் பலன் தரக்கூடும் என்று கண்டது. ஆனால் அதே செடி, ஈரலைத் தூண்டிவிட்டு மற்ற மருந்துகளை உடலிலிருந்து விரைவில் வெளியேற்றிவிடும் இயல்புடையது. கருத்தடை மாத்திரை, இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின், சிறுநீரகம் மாற்றியவர் உண்ணும் மருந்து, எச்.ஐ.வி. மருந்து ஆகியவை அதனால் பலனிழந்து போகும். மனச்சோர்வு மாத்திரையுடன் சேர்த்து உண்டாலோ, செரட்டோனின் அளவுகடந்து, நடுக்கம், கடுங்காய்ச்சல், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். வளைகுடாவிலிருந்து வரும் உறவினர் 'மூலிகைதானே' என்று அன்போடு தரும் டப்பாவில் இத்தனையும் அடங்கியிருக்கிறது. நம் ஊர் அமுக்கராவும் தூக்கத்தைக் கூட்டும்; தைராய்டை அசைக்கும்; அரிதாக ஈரலையும் தாக்கும்; கர்ப்பிணிகளுக்கு ஆகாது. பலன் உள்ள பொருளுக்கே பக்க விளைவும் உண்டு.

ஆகவே, மாற விரும்புவோர் மனத்தில் கொள்ள வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்வோம்.

முதலாவது, காலம். குணமாகிப் போதிய மாதங்கள் கழிந்த பிறகு, வீட்டில் மரணமோ கல்யாணமோ பரீட்சையோ பிரசவமோ இல்லாத அமைதியான வேளையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ரமளான் வந்துவிட்டதே என்று நிறுத்துவது பலர் செய்யும் தவறு. நாளுக்கு ஒருமுறை உண்ணும் மாத்திரையை, மருத்துவரைக் கேட்டு, நோன்பு திறந்த பிறகோ ஸஹருக்கோ மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் இயலாதவருக்கு, நோயாளிக்கென்று அல்லாஹ்வே தந்த சலுகை இருக்கிறது.

இரண்டாவது, படிப்படியாகக் குறைத்தல். ஏணியிலிருந்து இறங்குவோர் குதிப்பதில்லை. இங்கிலாந்தின் 'நைஸ்' என்னும் தேசிய நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டியும், அப்போது இருக்கும் அளவில் ஒரு பங்காகக் கட்டம் கட்டமாய்க் குறைக்க வேண்டும் என்கிறது. வாரங்களோ மாதங்களோ ஆகலாம். கடைசிப் படிகளே மிக மெதுவாக இறங்க வேண்டியவை. எவ்வளவு, எப்போது என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவரே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, இடைவெளி. பழைய மருந்து உடலை விட்டு நீங்கும் முன் புதியதைத் தொடங்கலாமா கூடாதா என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும். ஃப்ளூவாக்ஸெட்டின் நிறுத்திய பிறகும் ஐந்து வாரம் வரை அதன் எச்சம் இருக்கக்கூடும்.

நான்காவது, தகுதி. மூலிகையைத் தருபவர் பட்டம் பெற்றுப் பதிவு செய்த சித்த அல்லது யூனானி மருத்துவராக இருக்க வேண்டும். மருத்துவம் அறியாமலே மருத்துவம் பார்ப்பவர் விளையும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் உள்ளது. பிள்ளைப் பருவத்தினர், கர்ப்பிணிகள், முன்பு உயிரை மாய்க்க முயன்றவர்கள், சில காலம் மிதமிஞ்சிய உற்சாகமும் சில காலம் ஆழ்ந்த சோர்வுமாக மாறி மாறி வருபவர்கள் ஆகியோர் மனநல மருத்துவரின் சம்மதமின்றி இம்முயற்சியில் இறங்கவே கூடாது.

ஐந்தாவது, ஒரு காவல். வீட்டில் ஒருவராவது விவரம் அறிந்திருந்து, தூக்கம், உணவு, பேச்சு, தொழுகையில் நாட்டம் ஆகியவற்றைக் கவனித்து வர வேண்டும். 'நான் இருந்து என்ன பயன்?' என்ற பேச்சு வந்தால் அதை ஷைத்தானின் ஊசலாட்டம் என்று சொல்லி மூடிவிடாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மத்திய அரசின் 'டெலி மானஸ்' என்ற இலவசத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலேயே அழைக்கலாம். பழைய மாத்திரைக்குத் திரும்ப நேர்ந்தால் அது தோல்வியன்று. வழி தெரியாத இடத்தில் திரும்பி வருவதும் பயணத்தின் ஒரு பகுதியே.

மறைப்பதே பெரிய நோய்

இத்தனையிலும் அடிப்படையான ஒன்று இருக்கிறது. மருந்து மாறுவதால் வரும் கேட்டைவிட, மறைப்பதால் வரும் கேடே பெரிது. உடல் நமக்குச் சொந்தமன்று. அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம். அந்த அமானிதத்தைக் காக்க நாம் துணைக்கு அழைத்திருக்கும் மருத்துவரிடம் பாதி உண்மையை மட்டும் சொல்வது, கணக்குப் பிள்ளையிடம் பாதிக் கணக்கைக் காட்டுவது போன்றதே. சித்த மருத்துவரிடம் மாத்திரை அட்டையைக் காட்டுங்கள். மனநல மருத்துவரிடம் சூரணப் பொட்டலத்தைக் காட்டுங்கள். 'திட்டுவாரே' என்று அஞ்சாதீர்கள். திட்டுகிற மருத்துவருக்கும் ஒரு சொல்: உங்கள் கடுமொழிதான் நோயாளியை மறைக்கச் செய்கிறது. கேட்டுக்கொள்ளும் பொறுமையும் மருத்துவத்தில் பாதி.

மறைத்து வைக்கும் வெட்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் தமிழகமே சாட்சி. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் எழுந்தோட வழியின்றி மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவிட்டவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் அல்லர். துஆவை நம்பி வந்தவர்கள்; ஊராரின் கண்ணுக்கு மறைக்க வந்தவர்களும் உண்டு. துஆவும் மருந்தும் ஒன்றையொன்று விலக்கும் என்று யார் நமக்குச் சொன்னது? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கமல்லவா நம்முடையது? கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டுக்குள் செல்லாமல் திரும்பிய உமர் (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்வதாக விளக்கம் தந்தார்கள். மாத்திரையும் அவன் விதி. மூலிகையும் அவன் விதி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாதுகாப்பாகச் செல்லும் அறிவும் அவன் விதியே.

தாய்மார்களே! உங்கள் மகளோ மருமகளோ மாத்திரை உண்பதைக் கண்டால், 'இன்னுமா இதை விடவில்லை?' என்று கேட்காதீர்கள். 'இன்றைக்கு உண்டாயா?' என்று கேளுங்கள். அந்தக் கேள்வியில் இருக்கும் பரிவு, எந்தச் சூரணத்துக்கும் குறைந்ததன்று.

உள்ளம் நொந்திருக்கும் நம் சகோதர சகோதரிகளுக்கு வல்ல நாயன் பூரண ஷிஃபாவை அருள்வானாக! அவர்களைச் சுற்றியிருக்கும் நமக்கு, உண்மையை அஞ்சாமல் பேசும் நாவையும், அதைச் சினமின்றிக் கேட்கும் செவியையும் தந்தருள்வானாக! ஆமீன்.